கிரீ எழுத்து தேவநாகரியின் வாரிசா?

கேள்வி, 4 பிப்ரவரி
கனடாவில் கிரீ என்ற பழங்குடி மக்கள் முக்கோணமும் கொக்கியுமாக ஓர் எழுத்து எழுதுகிறார்கள். ஒரு பாதிரியார் தேவநாகரியைப் பார்த்துச் செய்தது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அப்படியென்றால் பிராமி குடும்பம்தானே? வின்னிபெக் அக்கா இதைப் படித்தவர் என்று இங்கே ஒருவர் சொன்னார். அக்கா, கொஞ்சம் விளக்குங்கள்.

4 பிப்ரவரி, இரவு
பிராமி குடும்பம் இல்லை, தம்பி. எழுத்து நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தாலே தெரியும்.

நம் எழுத்தில் க என்று ஒரு வடிவம். அதோடு கொம்போ காலோ சேர்த்தால் கெ, கா. கிரீயில் மெய்க்கு ஒரு வடிவம் உண்டு, ஆனால் அதில் எதுவும் ஒட்டாது. வடிவமே திரும்பிக்கொள்ளும். எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் உயிர். முக்கோணம் தனி உயிருக்கு: முனை கீழே இருந்தால் ஏ, மேலே இருந்தால் இ, வலப்பக்கம் இருந்தால் ஒ, இடப்பக்கம் இருந்தால் அ. முக்கோணத்தின் அடிக்கோட்டை எடுத்துவிட்டால் ப வரிசை: பே, பி, பொ, ப, அதே நாலு திசை. வளைந்த கிண்ணம் மாதிரி இருந்தால் த வரிசை. சமவெளிக் கிரீ என்ற வட்டார வழக்குக்கு மொத்தம் 9 வரிசை, 4 திசை, 36 எழுத்து. அப்புறம் நெடிலுக்கு மேலே ஒரு புள்ளி, வகரம் கலந்தால் பக்கத்தில் ஒரு புள்ளி, சொல்லின் கடைசியில் வரும் ஒற்றுக்குச் சின்னச் சின்னக் கோடுகள். ஏ எப்போதும் நெடில்தான், அதனால் அதற்குப் புள்ளி தேவையில்லை.

அகரம் ஏறிய மெய் என்று இதில் ஒன்று கிடையாது. நாலு உயிரும் சமம்.

5 பிப்ரவரி
"எல்லா எழுத்தும் சுழலுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முக்கோணம், ப, த மூன்றும் சமச்சீரானவை, கால் சுற்று கால் சுற்றாகத் திரும்புகின்றன. க, ம, ந, ச மாதிரி ஒருபக்கம் வால் உள்ளவை கண்ணாடியில் புரளுவதுபோல இடவலமும் மேல்கீழும் மாறும். படிக்கத் தொடங்குபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். வகுப்பில் எங்களுக்கு இதை அட்டவணையாக மட்டும் கொடுக்கவில்லை, நாலு திசைக்கும் விரியும் நட்சத்திர வடிவமாகவும் போட்டுக் காட்டினார்கள். நட்சத்திரத்தில் பார்த்த பிறகு குழப்பம் குறைந்தது.

6 பிப்ரவரி
தேவநாகரி விஷயத்துக்கு வருகிறேன். எழுத்தை அச்சில் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் எவன்ஸ், இங்கிலாந்தில் 1801இல் பிறந்த வெஸ்லியன் மெதடிஸ்ட் பாதிரியார். தேவநாகரி வடிவங்கள் சிலவற்றோடு இந்த எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அந்த ஒற்றுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது வேறு.

கல்லூரி முடித்து நானும் எல்லோரையும்போல டைப் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தேன், ஷார்ட்ஹேண்ட் லோயரும் ஹையரும் முடித்தேன். பிட்மன் முறை. அதில் ஒரே கோடு, சாய்வை மாற்றினால் வேறு ஒலி. செங்குத்தாக நின்றால் ஒன்று, படுத்தால் ஒன்று, சாய்ந்தால் ஒன்று. அழுத்தி எழுதினால் அதற்கு இணையான அதிரொலி, p என்பது b ஆகும். பென்சிலை அழுத்தாமல் எழுதிவிட்டு b என்பதைப் பிறகு p என்று படித்துத் திட்டு வாங்காதவர் அந்த வகுப்பில் யாரும் கிடையாது.

இப்போது மேற்குப் பகுதிக் கிரீக்காரர்கள் எழுதும் ஒற்றுகளைப் பாருங்கள். ப் என்றால் குட்டியாக ஒரு நேர்க்கோடு. ச் என்றால் படுத்த கோடு. த் ஒரு பக்கம் சாயும், க் மறுபக்கம் சாயும். பிட்மன் பழகிய கைக்கு இது அந்நியமாகவே தெரியாது. இன்னொன்று: எவன்ஸ் முதலில் நெடிலைக் காட்டப் புள்ளி வைக்கவில்லை. தடித்த கோடு, மெல்லிய கோடு என்று வேறுபடுத்தினார். அச்சில் அது நிற்கவில்லை, பிற்பாடுதான் புள்ளி வந்தது. அழுத்தத்தை ஒலி வேறுபாட்டுக்குப் பயன்படுத்துவது சுருக்கெழுத்துக்காரர் மூளை. பிட்மன் தன் முறையை வெளியிட்டது 1837, கிரீ அச்சு 1840.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். பிட்மனில் திசை மாறினால் மெய் மாறும். கிரீயில் திசை மாறினால் உயிர் மாறும். அப்படியே எடுத்து வைத்தது அல்ல.

7 பிப்ரவரி
"க, ga இரண்டுக்கும் ஒரே எழுத்தா, நம்மைப்போல?" ஆமாம். இது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

கிரீ மொழியில் க என்றும் ga என்றும் பொருள் வேறுபடாது. ப, த, ச எல்லாம் அப்படியே. ஒலி இடத்துக்கு ஏற்பக் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். அதனால் ஒரு வடிவம் போதும். தமிழ் படித்தவனுக்கு இது விளக்கவே வேண்டாம், வகுப்பில் இருந்த ஆங்கிலக்காரர்கள்தான் திணறினார்கள்.

ஆனால் எவன்ஸ் முதலில் வேலை செய்தது கிரீயில் அல்ல, அதன் உறவு மொழியான ஓஜிப்வேயில். ஒன்டாரியோவின் ரைஸ் ஏரிப் பக்கம் 1828இலிருந்து பள்ளி ஆசிரியராக இருந்தார். ஓஜிப்வேக்கு அவர் போட்ட எழுத்துக்கூட்டுப் புத்தகம் 1837இல் நியூயார்க்கில் அச்சானது, ரோமன் எழுத்தில். ஓஜிப்வேயில் வல்லின மெய்கள் இரண்டு தரம், அவை பொருளை மாற்றும். ஓர் அசைக்கு ஓர் எழுத்தாக வரும் இந்த அசையெழுத்தில் ஓஜிப்வே எழுதும்போது வழக்கமாக அந்த வேறுபாடு மறைந்துபோகிறது. ஓஜிப்வேயோடு பல ஆண்டு இருந்தவர் கொண்டுவந்த எழுத்து, கிரீக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. இதை அடுத்து வரும் விஷயத்துக்காக நினைவில் வையுங்கள்.

10 பிப்ரவரி
அச்சடித்த கதையைக் கேட்டிருக்கிறீர்கள்.

1840 ஆகஸ்டில் எவன்ஸ் நார்வே ஹவுஸ் வந்து சேர்ந்தார். வின்னிபெக் ஏரியின் வட முனைக்கு அருகே, நெல்சன் ஆற்று வழியில், ரோமத்தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் பெரிய கிடங்கு அது. அதே ஆண்டு இலையுதிர் காலத்துக்குள் கிரீயில் பாட்டு அச்சடித்துவிட்டார். எழுத்து அச்சுக்கு ஈயம் வேண்டும். தேயிலைப் பெட்டிகளின் உட்புறம் ஒட்டியிருந்த ஈயத் தகட்டை உருக்கினார். மைக்குப் புகைக்கரியும் மீன் எண்ணெயும். அழுத்தும் இயந்திரமாக, கம்பெனிக்காரர்கள் ரோமத்தோலைக் கட்டுக்கட்டாக அமுக்கும் கருவி. காகிதம் இல்லாதபோது பிர்ச் மரப்பட்டை. முறையான அச்சு இயந்திரம் அங்கே வந்து சேர 1845 ஆகிவிட்டது.

சொல்வதற்கு அழகான கதை, பாடப் புத்தகங்களிலும் இதுதான் இருக்கிறது. இந்தக் கதையில் ஆள் ஒருவர்தான். அது எனக்கு உறுத்துகிறது. கிடங்கில் இருந்த கிரீக்காரர்கள், படகோட்டிகள், பாடலைக் கிரீயில் ஆக்கிக் கொடுத்தவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

11 பிப்ரவரி
ஒருவர் எழுதியிருக்கிறார்: "சரி, எவன்ஸ் கண்டுபிடித்தார், விஷயம் முடிந்தது." முடியவில்லை.

கிரீ மக்களிடம் வேறொரு வரலாறு இருக்கிறது. மிஸ்தனாக்கோவேவ் என்ற மனிதர், ஆங்கிலத்தில் பேட்ஜர் கால் என்பார்கள். அவர் இறந்து, ஆவியுலகம் சென்று, உயிரோடு திரும்பி வந்தார். வரும்போது இந்த எழுத்துகளைக் கொண்டுவந்தார், இவற்றால் நம் மொழியை எழுதலாம் என்று அங்கே அவருக்குச் சொல்லப்பட்டது. இதை ஃபைன் டே என்ற சமவெளிக் கிரீத் தலைவர் 1930களில் சாஸ்காட்சவனில் டேவிட் மாண்டல்பாம் என்ற மானிடவியலாளரிடம் சொன்னார், அது அச்சிலும் வந்திருக்கிறது. ஃபைன் டேயின் பேரன் 1990களில் வானொலியில் இதே வரலாற்றை இன்னும் விரிவாகச் சொன்னார். அவர் கணக்குப்படி மிஸ்தனாக்கோவேவ் வாழ்ந்தது 1846க்குப் பத்துப் பதினைந்து ஆண்டு முன்னால். அதாவது எவன்ஸ் நார்வே ஹவுஸுக்கு வருமுன். எழுத்து கிரீக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று 7ஆம் தேதி சொன்னேனே, அதை இங்கே சேர்த்துப் பாருங்கள். கிழக்கே வேறொரு பெயரோடு இதே மாதிரி வரலாறு உண்டு. வரலாற்றாசிரியர் வினோனா வீலர் இவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறார்.

என் கருத்தைக் கேட்டால்: அச்சு ஈயத்தில் ஏறிய வடிவங்களில் சுருக்கெழுத்தின் கை தெரிகிறது என்று 6ஆம் தேதி எழுதினேன், அதில் நிற்கிறேன். ஆனால் "யார் கண்டுபிடித்தார்" என்ற கேள்வியைவிட "எப்படிப் பரவியது" என்ற கேள்விதான் பெரியது, அதற்கு எவன்ஸ் பதில் ஆகமாட்டார். அவர் நார்வே ஹவுஸில் இருந்ததே சில ஆண்டுகள். 1846இல் இங்கிலாந்தில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு எழுத்து ஜேம்ஸ் வளைகுடா வரை கிழக்கே போனது, மேற்கே சமவெளிக்குப் போனது. பள்ளிக்கூடம் கட்டி யாரும் கொண்டுபோகவில்லை. படகு வழியில் ஒரு முகாமில் கற்றவர் அடுத்த முகாமில் கற்றுக்கொடுத்தார். மரப்பட்டையும் கரித்துண்டும் போதும்.

ஃபைன் டே சொன்னதில் ஒரு பகுதிதான் எனக்கு முக்கியம். மிஸ்தனாக்கோவேவிடம் கற்ற ஒருவர் விருந்து வைத்து, இதைக் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று அறிவித்தாராம். எழுத்து பரவிய விதத்துக்கு இதைவிட நேரான சாட்சியம் எந்த மிஷன் ஆவணத்திலும் நான் படித்ததில்லை.

11 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து
"செத்துப் பிழைத்தார் என்பதை எப்படி வரலாறு என்கிறீர்கள்?" என்று வந்திருக்கிறது. கனவிலும் தரிசனத்திலும் அறிவு கிடைப்பது அவர்கள் மரபில் ஒருவர் பாட்டையும் மருந்தையும் பெறுகிற வழி. எழுத்தையும் அதே வரிசையில் வைக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த பொருள் என்று அவர்கள் அதைப் பார்க்கவில்லை என்பதே ஒரு வரலாற்று உண்மைதான். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், கதை என்று ஒதுக்கிவிட்டுப் பாதிரியார் நாட்குறிப்பை மட்டும் படிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

15 பிப்ரவரி
நான் ஏன் இதைப் படிக்கப் போனேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

வின்னிபெக்கில் ஒரு மருத்துவமனையில் பதிவுப் பிரிவில் வேலை. வடக்கிலிருந்து விமானத்தில் நோயாளிகள் வருவார்கள், வாரக்கணக்கில் ஊரைவிட்டு இருப்பார்கள். ஒரு பெரியவர் காத்திருப்புக் கூடத்தில் சாப்பாட்டு மெனுத்தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தார். அடித்தல் திருத்தல் இல்லாமல், வேகமாக. எட்டிப் பார்த்தேன், எல்லாம் முக்கோணமும் கொக்கியும். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். தங்கைக்குக் கடிதம் என்றார். தங்கைக்கு ஆங்கிலம் படிக்க வராது, இது வரும். எங்கே கற்றீர்கள் என்றதற்கு, அம்மா மாவுப் பை மேல் எழுதிக் காட்டினார், பள்ளிக்கூடத்தில் அல்ல, பள்ளிக்கூடத்தில் இதை எழுதினால் அடி விழும் என்றார்.

உறைவிடப் பள்ளிகள் பற்றி இங்கே எல்லோருக்கும் ஓரளவு தெரியும். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய் மொழியைப் பிடுங்கிய பள்ளிகள், கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களில்தான். எழுத்தைக் கொண்டுவந்ததாகப் பெருமை பேசுகிற சபைகளே அந்தப் பள்ளிகளையும் நடத்தின. எவன்ஸின் ஈயத் தகட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

அதற்குப் பிறகு மாலை வகுப்பில் சேர்ந்தேன். எழுத்து சீக்கிரம் வந்துவிட்டது. மொழி வரவில்லை, இன்னும் தட்டுத்தடுமாறித்தான் பேசுகிறேன். கிரீ வினைச்சொல்லில் யார் யாருக்குச் செய்தார்கள், அது உயிருள்ளதா உயிரற்றதா எல்லாமே அடைந்து கிடக்கும்.

17 பிப்ரவரி
புள்ளி பற்றிய கேள்விக்கு. பழைய தாள்களிலும் பெரியவர்கள் கடிதங்களிலும் நெடில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. ஹகர ஒலியையும் விட்டுவிடுவார்கள். மொழி தெரிந்தவர்களுக்கு இடத்தைப் பார்த்தே புரியும். ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதிய நம் ஆட்களும் அப்படித்தான் படித்தார்கள். மொழியைப் புதிதாகக் கற்கிற இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால் வகுப்புகளில் எல்லாப் புள்ளியும் வைத்து எழுதச் சொல்கிறார்கள், எனக்கு அது சரி என்றே படுகிறது. பெரியவர்கள் எழுத்தைத் திருத்த வேண்டாம். பிள்ளைகளுக்குப் புள்ளி வேண்டும்.

21 பிப்ரவரி
எழுத்துரு ஆர்வலர்கள் வந்துவிட்டீர்கள், சந்தோஷம்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் குறியிடம் தரும் யூனிகோடில் இந்த எழுத்து 1999இல், 3.0 பதிப்பில் சேர்ந்தது. முதலில் 630 குறியிடங்கள். கிரீக்கு மட்டும் அல்ல, இதிலிருந்து கிளைத்த இனுக்டிட்டுட், பிளாக்ஃபுட், டகெல் எல்லாவற்றுக்கும் சேர்த்து. இனுக்டிட்டுட், டகெல் இரண்டும் கிரீயும் ஓஜிப்வேயும் சேர்ந்த அல்கோன்கியன் குடும்பத்து மொழிகள் அல்ல, எழுத்து மட்டும் அங்கே போனது.

இங்கே டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டு முறைக்காகச் சண்டை போட்டவர்கள் கவனியுங்கள். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியிடம் வேண்டும் என்று நாம் கேட்டோம், கிடைக்கவில்லை. அவர்களுக்கு ஒவ்வோர் அசைக்கும் தனிக் குறியிடம் கிடைத்தது. புள்ளி வைத்த அசைக்குத் தனி, வகரம் சேர்ந்த அசைக்குத் தனி. வசதி இருக்கிறது: ஓர் எழுத்து ஓர் இடம், உடையாது. ஆனால் வகரப் புள்ளியைக் கிழக்கே அசைக்கு முன்னால் வைப்பார்கள், மேற்கே பின்னால் வைப்பார்கள், இரண்டுக்கும் வெவ்வேறு குறியிடம். ப்வே என்ற ஒரே ஒலி இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கத்து எழுத்தில் தேடினால் மறுபக்கத்துப் பக்கங்கள் அகப்படாது. ஒற்றுகளிலும் இதே கதை: மேற்கே கோடு, கிழக்கே அகர எழுத்தைச் சிறிதாக்கி மேலே போடுவார்கள். நமக்குக் கிடைத்திருந்தாலும் எல்லாம் தீர்ந்திருக்கும் என்று இப்போது நான் நினைப்பதில்லை.

யூனிகோடுக்கு முன் அவர்களும் நம் பாமினி காலம் மாதிரியே இருந்தார்கள். ரோமன் விசைகள் மேல் எழுத்தை ஏற்றிய எழுத்துருக்கள், ஒருவர் கோப்பு இன்னொருவர் கணினியில் குப்பை. விண்டோஸ் விஸ்டாவோடு யூஃபிமியா வந்தது, விண்டோஸ் 8இல் கடூகி. இப்போது போனில் கடிதம் எழுதலாம்.

24 பிப்ரவரி
கொஞ்சம் விலகிப் போகிறேன். அல்கோன்கியன் மொழிகளுக்கு வேறு எழுத்தும் உண்டு, அதை யாரும் கேட்காதது எனக்கு வருத்தம்.

ஐயோவா மாநிலத்தில் மெஸ்க்வாக்கி மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுத்து கையெழுத்து ரோமனிலிருந்து வந்தது, ஆனால் மதிப்பு வேறு. ப ஒலிக்கு எல் என்ற எழுத்து! ஒவ்வோர் அசையையும் தனியாக இடம் விட்டு எழுதுவார்கள். நெடில் காட்டமாட்டார்கள், ஹகரமும் இல்லை. இதே முறையின் வேறு வடிவங்களை சாக், கிக்கப்பூ, பொட்டாவாட்டமி மக்களும் எழுதினார்கள்.

1911இலிருந்து ட்ரூமன் மைக்கல்சன் என்ற மொழியியலாளர், ஸ்மித்சோனியனுக்காக அங்கே போய்க் கதைகளையும் சடங்கு விவரங்களையும் அவர்களையே எழுதித் தரச் சொன்னார். எழுதிக் குவித்துவிட்டார்கள், சுமார் 27,000 பக்கம். ஆல்ஃபிரட் கியானா என்பவர் மட்டும் ஆயிரக்கணக்கான பக்கம் எழுதினார். வெளியாள் ஒருவர் கேட்டுக் குறித்துக்கொண்டது அல்ல, அந்த மக்களே தம் எழுத்தில், தம் நடையில் எழுதியது. வட அமெரிக்காவில் இவ்வளவு பெரிய உரைநடைக் குவியல் ஒரு பழங்குடி மொழியில் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நெடிலும் ஹகரமும் இல்லாததால் அதை இன்று படிப்பதற்கே மொழி நன்றாகத் தெரிந்தவர் பக்கத்தில் வேண்டும். அந்தத் தாள்களைப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் உச்சரிப்பைக் குறித்துக்கொள்வது மைக்கல்சன் காலத்திலேயே நடந்தது.

26 பிப்ரவரி
10ஆம் தேதி எழுதிய "எங்கே போனார்கள்" என்பதற்கு இரண்டு மூன்று பெயர்களாவது கொடுக்கிறேன்.

தாமஸ் ஹாசல். சிப்பவையன் இனத்தவர், கிரீயும் ஆங்கிலமும் பிரெஞ்சும் அறிந்தவர், எவன்ஸின் மொழிபெயர்ப்பாளர். 1844இல் படகுப் பயணத்தில் எவன்ஸின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து இறந்துபோனார்.

ஹென்றி ஸ்டைன்ஹவர், ஓஜிப்வே. ஜான் சின்கிளேர், கிரீ வம்சாவளி. 1861இல் லண்டனில் அசையெழுத்தில் முழு பைபிள் வந்தபோது அட்டையில் வில்லியம் மேசன் பெயர். மொழிபெயர்ப்பில் பெரும் பகுதி செய்தவர்கள் இந்த இரண்டு பேர். மேசனின் மனைவி சோஃபியாவுக்குத் தாய்வழியில் கிரீ நன்றாக வரும், அவரும் உழைத்தார், அச்சான அதே ஆண்டு இறந்தார். மேசன் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மற்ற மூன்று பேரையும் பக்கத்தில் போட வேண்டும்.

2 மார்ச்
"எனக்கும் கற்க ஆசை, எங்கே தொடங்குவது?" என்று கேட்ட தங்கைக்கு.

முதலில் எந்த ஊர்க் கிரீ என்று முடிவு செய்யுங்கள். சமவெளிக் கிரீயில் யகரம் வரும் இடத்தில் மூஸ் கிரீயில் லகரம் வரும், சதுப்புநிலக் கிரீயில் நகரம் வரும். அதற்கேற்ப அட்டவணை மாறும். இணையத்தில் கிடைக்கும் முதல் அட்டவணையை எடுத்துவிடாதீர்கள், ஒற்றுகளைப் பாருங்கள்: சின்னக் கோடுகள் என்றால் மேற்கு, குட்டி அகர எழுத்துகள் என்றால் கிழக்கு. கியூபெக்கின் ஜேம்ஸ் வளைகுடாப் பக்கம் வேண்டும் என்றால் கிழக்கு அட்டவணைதான். அங்கே கிரீ பள்ளி வாரியம் பள்ளிகளில் இந்த எழுத்தைக் கற்றுக்கொடுக்கிறது. அரசோடு போட்ட 1975 ஜேம்ஸ் வளைகுடா ஒப்பந்தத்தின் வழியாக அவர்கள் வாங்கிய உரிமை அது. பிள்ளைகளுக்கான வாசிப்புப் புத்தகங்களும் அந்தப் பக்கத்தில் அதிகம்.

முதலில் முக்கோண வரிசையை மட்டும் கையால் எழுதிப் பழகுங்கள், அப்புறம் ப, த. வால் உள்ள வரிசைகளைத் தொடுமுன் திசை கைக்கு வந்திருக்க வேண்டும். உச்சரிப்புக்குக் கட்டாயம் ஒரு கிரீக்காரரிடம் போங்கள். வின்னிபெக்கில் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், இளவேனில் வகுப்புக்கு இன்னும் இடம் இருக்கிறது.